இடது பக்கத்துக் குச்சி

சிகாகோ,
19-12-1976

அடி வடிவு,

ஆண்டவர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறேன். பனி முழங்கால் வரை கிடக்கிறது, ஆஸ்பத்திரியில் நின்று நின்று கால் வீங்குகிறது. இதையெல்லாம் அம்மாவுக்கு எழுதியாகிவிட்டது. உனக்கு எழுதுவது வேறு விஷயம்.

டிசம்பர் வந்தால் பட்டியல். மயிலாப்பூரில் காலேஜ் படித்த மூன்று வருஷமும் 'இந்த வருஷம் விளையாடியதில் பிடித்தது' என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதி மாற்றிக்கொண்டோம். நான் இன்றுவரை நிறுத்தவில்லை. நீதான் கல்யாணமான நாளிலிருந்து டிமிக்கி கொடுக்கிறாய்.

இங்கே துணி வெளுக்கும் கடையில் டி.வி. மாதிரிப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். காசு போட்டால் படம் வராது, ஆட்டம் வரும். இந்த வருஷம் எனக்கு முதல் இடம், செங்கல் சுவரைப் பந்தால் உடைக்கிற ஆட்டம். கீழே ஒரு சின்னக் கட்டை. அதை நகர்த்திப் பந்தைத் தட்டித் தட்டி மேலே உள்ள செங்கல்களைக் காலி பண்ண வேண்டும். ஓரத்தில் ஒரு சந்து உண்டாக்கிப் பந்தைச் சுவருக்குப் பின்னால் அனுப்பிவிட்டால், அது தானாகவே மோதி மோதி எல்லாவற்றையும் உடைக்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். ஈரத் துணி மெஷினிலேயே கிடந்து நாறிவிட்டது. இரண்டாவது, இருட்டு ரோட்டில் கார் ஓட்டுவது. எனக்கு நிஜக் கார் ஓட்டத் தெரியாது, அதனால் தைரியமாக ஓட்டினேன். மூன்றாவது கப்பலைச் சுடுகிற ஆட்டம். சுமார்தான், மூன்று வேண்டுமே என்று சேர்த்தேன்.

காலேஜ் கேரம் பலகையில் நீ உட்காருவதுபோல் எதிரே உட்கார்ந்து முறைக்க ஆள் இல்லை வடிவு, அதுதான் குறை. உன் பட்டியலை அனுப்பு. சாக்குப்போக்கு வேண்டாம்.

உன்
ஃப்ளோரா

•

மேற்கு மாம்பலம்,
20-1-1977

அன்புள்ள ஃப்ளோரா,

இங்கே எல்லோரும் சுகம், என் விரல்கள் நீங்கலாக. பட்டியல் கேட்கிறாயே, எதை எழுத? கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் ஆடியது மகளோடு கண்ணாமூச்சி. அதிலும் அவள்தான் ஜெயித்தாள்.

வீட்டில் கேரம் பலகை இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் நல்லசிவம், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், எங்கள் தெரு மன்றத்தின் காணும் பொங்கல் போட்டியில் எட்டு வருஷமாகச் சாம்பியன். இந்த வாரமும் கோப்பையோடு வந்தார். ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையைப் பூட்டிவிட்டு அண்ணனும் தம்பியும் வந்தால் சாப்பாடு, பிறகு பலகை. நான் தண்ணீர் வைக்கிற சாக்கில் நின்று பார்ப்பேன். நல்ல கைதான். ஆனால் இடது பக்கம் வெட்டி அடிக்கத் தெரியாது. எட்டு வருஷமாக ஒருத்தனும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு இரண்டு நாளில் தெரிந்துவிட்டது.

போன வாரம் வாய்விட்டுக் கேட்டேன், "பெரியத்தான், என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்களேன்" என்று. சிரித்தார்.

"உங்கூட ஆடி ஜெயிச்சா என்ன பெருமை? பொம்பளையத்தானல ஜெயிச்சேம்பான். தோத்தா மானம் போச்சு. எப்படிப் பாத்தாலும் எனக்கு நட்டம்லா வடிவு."

வியாபாரிப் பேச்சு. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து காய் அடுக்கிக்கொண்டிருந்தார், வாயே திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது.

எனக்கு நகை வேண்டாம், பட்டு வேண்டாம், பட்டு கடை நிறையக் கிடக்கிறது. அந்த மனிதருக்கு எதிரே பலகை முன்னால் ஒரு தடவை உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

உன்
சண்முகவடிவு

•

சிகாகோ,
10-4-1977, ஈஸ்டர்

அடி வடிவு,

உன் பெரியத்தானுக்கு நாலு வரி எழுதலாமென்று உட்கார்ந்தேன். நாலும் அச்சில் ஏறாத வரியாக வந்ததால் கிழித்துவிட்டேன்.

பதிலுக்கு ஒரு பெட்டி அனுப்புகிறேன். வீட்டு டி.வி.யில் மாட்டி ஆடுவது. இந்த ஊர்க் கரண்ட் வேறு, நம் ஊர்க் கரண்ட் வேறு. அதனால் டார்ச் பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்கினேன். ஆளுக்கொரு குமிழ். திருகினால் திரையில் இடது பக்கம் ஒரு குச்சியும் வலது பக்கம் ஒரு குச்சியும் ஏறி இறங்கும், நடுவே பந்து மேலும் கீழும் சுவரில் மோதித் திரும்பி ஓடும். தவறவிட்டால் எதிராளிக்குப் புள்ளி. பதினைந்து எடுத்தவர் ஜெயம். சாந்தோம் டாக்டர் அல்போன்ஸ் ஜூனில் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

கேரம் கிடைக்கிறவரை இதையாவது ஆடு. உன் கை துருப்பிடித்தால் என்னால் தாங்க முடியாது.

ஃப்ளோரா

•

மேற்கு மாம்பலம்,
25-7-1977

அன்புள்ள ஃப்ளோரா,

பெட்டி வந்தது. மாட்டியதும் படம் தறிகெட்டு உருண்டது. வடபழனியிலிருந்து மெக்கானிக் கருணாகரனைக் கூப்பிட்டோம். அவர் டி.வி.யின் முதுகைத் திறந்து எதையெதையோ திருகி நிறுத்தினார். மொட்டைமாடி ஆன்டெனா வயரையும் உன் பெட்டி வயரையும் சேர்த்து முறுக்கி மாட்டிவிட்டு, தினமும் கழற்றி மாட்டுகிற தொல்லை இருக்காது என்றார்.

பெரியத்தான் சம்சாரம் மீனாட்சி அக்காவும் நானும் பகலில் வேலை முடிந்ததும் ஆடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை பெரியத்தான் சாப்பிட்டுவிட்டு அறையில் தூங்கும்போதும் ஆடுகிறோம். நான் இடது குச்சி, அக்கா வலது. முதல் வாரம் அக்கா பந்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். இப்போது பத்துப் புள்ளி எடுக்கிறாள். பெரியத்தான் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்து, "சின்னப்புள்ளைய சாமான்லா" என்று போய்விட்டார்.

கூத்து இனிமேல்தான். பத்து நாள் கழித்துக் கருணாகரன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"இன்னாம்மா, உங்க வூட்டு ஆன்டெனா ஸ்டேஷன் கணக்கா ஆயிப்போச்சு. நீங்க இங்க ஆடிக்கினு கீறீங்க, வக்கீல் வூட்ல பந்து ஓடிக்கினு கீது. மன்றத்து டி.வி.ல கூட வருது."

தெருவில் ஐந்து டி.வி. ஸ்டேஷனில் நிகழ்ச்சி இல்லாத பகல் நேரத்தில் ஐந்திலும் எங்கள் ஆட்டம், உருண்ட படத்தை வீடு வீடாகத் திருகி நிறுத்தியதும் இவரேதானாம். வயரைப் பிரித்து மாட்டிவிடட்டுமா என்று கேட்டார். அக்கா, "கிடக்கட்டும்ப்பா, யாருக்கு என்ன கஷ்டம்" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஆடுகிற ஆள் முகம் தெரியாதே, குச்சிதானே தெரியும். ஆனால் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். பகலில் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஞாயிறன்று வீட்டில் இருக்கிற ஆண்களுக்குத்தான் தெரியாது. பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஒருத்தரும் கேட்கவில்லை.

நேற்று எதிர்வீட்டு வக்கீல் சுப்பராமன் வந்தார். மன்றத் தலைவர் அவர்தான்.

"நல்லசிவம், பிரமாதம். அந்த இடது பக்கத்துக் குச்சி நீங்கதானே? கேரம் கையாச்சே, பாத்த உடனே சொல்லிட்டேன் ஆத்துல."

பெரியத்தான் ஒரு நொடி யோசித்தார் ஃப்ளோரா. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், கையில் காப்பித் தட்டு. பிறகு, "ஏதோ, கைப்பழக்கந்தான்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னோடு ஆட மாட்டாராம். என் ஆட்டம் மட்டும் அவருக்கு வேண்டுமாம்.

வடிவு

•

சிகாகோ,
14-8-1977

அடி அசடு,

காப்பித் தட்டை வைத்துக்கொண்டு நின்றாயா? அதை அவர் மடியில் கவிழ்த்திருக்கலாமே. காலேஜில் நடுவரையே எழுப்பி நிறுத்தி வாதாடியவள் நீ. வாயைத் திறந்து சொல், நான்தான் இடது குச்சி என்று. சொல்லாமல் அடுத்த கடிதம் எழுதாதே.

ஃப்ளோரா

•

மேற்கு மாம்பலம்,
7-9-1977

ஃப்ளோரா,

வாயைத் திறக்கவில்லை. குமிழைத்தான் திருகினேன்.

ஞாயிறன்று நாலு மணிக்கு மன்றத்தில் கூட்டம். பெரியத்தான் தூங்காமல் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார், இவரும் கூடப் போனார். கூட்டம் முடிந்ததும் அங்கேயே சினிமா பார்ப்பார்கள், அதனால் டி.வி.யைச் சீக்கிரமே போட்டுவிடுவது வழக்கம். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே வலது குமிழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மன்றத்தில் நடந்தது இவர் சொல்லித் தெரியும். திரையில் பந்து ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்களாம். இடது குச்சி ஏழு, வலது இரண்டு. ஒருத்தர் கைகூடத் தட்டினாராம். வக்கீல்தான் மெதுவாகத் திரும்பி, "நல்லசிவம், நீங்க இங்கேன்னா இருக்கேள்? அப்போ உங்காத்துல ஆடறது யாரு?" என்று கேட்டாராம்.

பெரியத்தான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தாராம். அப்போது இவர், ஆறு வருஷமாக அண்ணன் எதிரே இருமக்கூட யோசிக்கிற இந்த மனிதர், எழுந்து நின்றிருக்கிறார்.

"அது என் வீட்டுக்காரி சார். வலது பக்கம் மதினி. என் வீட்டுக்காரி கேரமும் ஆடுவா. எங்கண்ணனவிட நல்லா ஆடுவா."

காது குளிர்ந்துபோயிற்று, போ.

பெரியத்தான் இரண்டு நாள் பலகையை இறக்கவே இல்லை. நேற்றுக் கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வடிவு, ஆடணும்னுதான கேட்ட? காணும் பொங்கல் அன்னிக்கு மன்றத்துல ஆடுவோம், ஊரே பாக்கட்டும். மூணு ஆட்டம். நீ தோத்தா இந்த வீட்ல அப்புறம் நீ பலகையத் தொடக் கூடாது. சம்மதமா?"

"நீங்க தோத்தா?"

"அத அப்பப் பாப்போம்."

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் கையைப் பார்த்தேன். ஆறு வருஷமாக ஸ்ட்ரைக்கரைத் தொடாத விரல் இது. தோற்றால் அவ்வளவுதான், சாகிறவரை தண்ணீர்ச் செம்போடு நின்று பார்க்க வேண்டியதுதான்.

வடிவு

•

சிகாகோ,
11-12-1977

என் செல்லமே,

டிசம்பர் வந்துவிட்டது, பட்டியல். இந்த வருஷம் கடையில் புதுசாக மூன்று பெட்டிகள் வந்தன, எல்லாவற்றையும் ஆடிப் பார்த்தேன். கௌபாய் சுடுகிற ஆட்டம் ஒன்று நன்றாக இருந்தது, அதற்கு இரண்டாம் இடம். முதல் இடம் நான் ஆடாத, பார்க்கக்கூடச் செய்யாத ஆட்டத்துக்கு. செப்டம்பர் நாலாம் தேதி, மேற்கு மாம்பலம், இடது குச்சி. உன் கடிதத்தை வார்டில் எல்லா நர்ஸ்களுக்கும் இங்கிலீஷில் சொன்னேன். ஃபிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி அழுதேவிட்டாள்.

தினமும் ஒரு மணி நேரம் பழகு. முதல் ஆட்டம் தோற்றால் பதறாதே, உனக்கு எப்போதுமே கை சூடேற நேரமாகும். மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். நீ உன் வடபழனி முருகனிடம் சொல்லிவை. இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணட்டும்.

ஃப்ளோரா

•

மேற்கு மாம்பலம்,
20-1-1978

ஃப்ளோரா,

ஜெயித்துவிட்டேன். முதலில் அதைப் படித்துவிடு, மற்றதை மெதுவாகப் படிக்கலாம்.

நாலு மாதமும் அக்காதான் பகலில் பலகையை இறக்கி, பவுடர் தூவி, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் புருஷன் எப்படி எப்படி அடிப்பார் என்று அவளுக்கு அத்துப்படி. அதையே அடித்துக் காட்டினாள். இருபது வருஷம் பார்த்த கண் அல்லவா?

காணும் பொங்கலன்று மன்றத்தில் நிற்க இடமில்லை. இதுவரை பெண்கள் யாரும் அந்த வாசல்படி மிதித்ததில்லை. அன்றைக்கு அக்கா பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டாள். ஆண்கள் சன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள்.

நீ சொன்ன மாதிரியே முதல் ஆட்டம் போயிற்று. இரண்டு தடவை ஸ்ட்ரைக்கரே பாக்கெட்டில் விழுந்தது. பெரியத்தான் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டார். இரண்டாவதில் கை சூடேறியது. காய்களை அவருக்கு இடது பக்கமாகவே தள்ளித் தள்ளி விட்டேன். வெட்டி அடிக்க முடியாமல் திணறினார். இரண்டாவது எனக்கு.

மூன்றாவதில் அவருக்கு ஒரே ஒரு காய் பாக்கி. எனக்கு இரண்டு, அதோடு சிவப்பும் பலகையில் கிடந்தது. சிவப்பைப் போட்டால் கூடவே ஒரு காயையும் போட வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும். சிவப்பைப் போட்டேன். அடுத்த காயும் விழுந்தது. மிச்சம் இருந்த காய் பலகை நடுவில் கிடந்தது, அது போக வேண்டிய பாக்கெட்டின் வாயில் அவருடைய காய் மறித்துக்கொண்டு நின்றது. மற்ற பக்கமும் நேராக வழி இல்லை. எதிர்ச் சுவரில் மோதவிட்டு என் பக்கத்துப் பாக்கெட்டுக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். உன் பெட்டியில் ஆறு மாதமாக வேறென்ன செய்தேன்? அடித்தேன். போய் மோதித் திரும்பி வந்து விழுந்தது.

அக்கா எழுந்து கைதட்டினாள். பெரியத்தான் அவளை முறைத்து, "யாருக்கு தட்டுத?" என்று கேட்டார். "காய் விழுந்ததுக்கு" என்றாள்.

பெரியத்தான் அன்று காலைப் போட்டியில் ஜெயித்த கோப்பையைத் தன் கையாலேயே எடுத்து எனக்கு நேராக வைத்து, "கடைசி அடி எனக்கு வராது வடிவு" என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். கோப்பையைவிட அதுதான் எனக்குப் பெரிசாக இருந்தது. வக்கீல், அடுத்த வருஷத்திலிருந்து பெண்களும் பேர் கொடுக்கலாம் என்று அங்கேயே எழுதி ஒட்டிவிட்டார். அதற்குள் நாலு பேர் கொடுத்துவிட்டார்கள், முதல் பெயர் மீனாட்சி.

ஏழு வருஷ பாக்கிக்கும் சேர்த்து என் பட்டியல் இதோ. முதல் இடம் காணும் பொங்கல், மூன்றாவது ஆட்டம். இரண்டாவது இடம் அதே நாள், இரண்டாவது ஆட்டம். மூன்றாம் இடத்துக்கு இடது குச்சி. நீ அதற்கு முதல் இடம் கொடுத்தாய், அது நட்புக்காக.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் பெரியத்தான் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். பலகையைத் தானே இறக்கி, துடைத்து, பவுடர் போட்டு, கறுப்பும் வெள்ளையுமாகக் காய் அடுக்கியாயிற்று. என் வீட்டுக்காரர்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். "வடிவு, ஒரே ஒரு ஆட்டம்" என்று பெரியத்தான் கூடத்திலிருந்து இரண்டாவது தடவையாகக் கேட்கிறார்.

இந்தக் கடிதத்தை மடித்து, பசை தடவி, முகவரியும் எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். காத்திருக்கட்டும்.

உன்
சண்முகவடிவு