மூன்றாவது பாட்டின் வேகம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு ஏதாவது வந்தால்தான் உன்னிடமிருந்து கடிதம் வரும். அதனால் வராதவரை நீ நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். தொலைபேசியில் கூப்பிட்டால் “ஆ? என்ன?” என்பதற்கு மேல் உன் காது விடுவதில்லை. இருபது வருஷம் டிரம்ஸோடு குடித்தனம் நடத்திய காது, அதைக் குறை சொல்லி என்ன பயன்? எழுதிவிடுகிறேன்.

இந்தப் பார்சலில் உன் மச்சானுடைய கடைசி ஆல்பம் இருக்கிறது. அவர் போய் ஆறு மாதம் கழித்து, போன மாதம்தான் வெளியிட்டார்கள். கேட்டவர்கள் கம்பெனிக்கு எழுதுகிற கடிதங்களை எல்லாம் கட்டுக்கட்டாக எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். என் பெண் கல்லூரியிலிருந்து வந்ததும் சோபாவில் சாய்ந்துகொண்டு உரக்கப் படிக்கிறாள். நான் துணி மடித்துக்கொண்டே கேட்கிறேன். சிரிக்கிறோம், அழுகிறோம், மறுபடி துணி மடிக்கிறேன்.

ஒரு பல் டாக்டர் எழுதியிருக்கிறார்: “புயல் என்று பேர் வாங்கியவரின் பாட்டைப் போட்டு என் நோயாளி தூங்கிப்போனது இதுவே முதல் தடவை.” பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. ஒரு லாரி டிரைவர்: “முன்னெல்லாம் இவர் பாட்டுப் போட்டா வண்டி தன்னால எண்பதைத் தொடும். இப்ப நாப்பதுலயே நிக்குது. ரொம்ப முடியாம இருந்திருக்கார் போல. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.” பத்துக் கடிதத்தில் எட்டு இப்படித்தான். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, எல்லாருக்கும் மெதுவாக இருக்கிறது. நோய் அவரை இழுத்துவிட்டது என்று என் வீட்டுக்கு வராமலே எல்லாரும் துக்கம் விசாரிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த பதிப்பில் பாட்டுகளின் வேகத்தைக் கூட்டி, வேறு யாரையாவது வைத்து டிரம்ஸும் சேர்க்கலாம் என்கிறது கம்பெனி. இப்போது இருப்பது அவருடைய கிட்டாரும் குரலும் மட்டும்தான். ஏப்ரல் பதினைந்துக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அப்புறம் மாற்ற முடியாதாம். எனக்குப் பாட்டுக் கேட்கத் தெரியும், அதைப் பற்றி முடிவு எடுக்கத் தெரியாது. அவர் பாட்டை அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். கேட்டுவிட்டுச் சொல்.

ஆறு வருஷச் சண்டையை ஒரு மணி நேரம் ஓரமாக வை. ஆல்பம் ஐம்பத்திரண்டு நிமிஷம்தான்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
தங்கை


மார்ச் 12

என் தங்கைக்கு,

பார்சல் கிடைத்தது. அலமாரி மேல் பத்திரமாக இருக்கிறது.

வேலை அதிகம். இந்த மாதம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு தையல்கார அம்மாவுக்கு பெடல் என்றாலே தையல் மெஷின்தான். மிதித்தால் விடமாட்டார். காலையிலிருந்து சாயங்காலம்வரை “மெதுவா, மெதுவா” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. இதில் பாட்டுக் கேட்க எங்கே நேரம்?

சுற்றி வளைப்பானேன், எனக்கு மனசு வரவில்லை. நாலாயிரம் பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில், மூன்றாவது பாட்டில், பாதியில் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் அவன் சொன்னது உனக்கும் தெரியும். “மச்சான் தூங்கிட்டார், யாராவது எழுப்புங்க.” நாலாயிரம் பேரும் சிரித்தார்கள். நான் செய்தது என்ன தப்பு? பாட்டை அவன் பிய்த்துக்கொண்டு ஓடினான், நான் பிடித்து நிறுத்தினேன். வார்த்தை காதில் விழ வேண்டாமா? குச்சியை வைத்துவிட்டு இறங்கினேன். அன்றைக்கு இறங்கியவன்தான்.

அவன் சாவுக்கு வந்தேன். வாசல் கேட்டோடு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும், நியாயம்தான்.

கையெழுத்து விஷயத்தில் கம்பெனி சொல்வதைக் கேள். மருமகளைப் படிக்கச் சொல், பாட்டுப் பின்னால் போக வேண்டாம் என்று சொல். ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும்.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

அலமாரி மேல் வைத்தால் பாட்டு தானாக இறங்கி வந்து பாடுமா? கடிதத்தைப் படித்துவிட்டு உன் மருமகள், “மாமா பயப்படறார்மா” என்றாள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள்.

இன்னும் இரண்டு கட்டு வந்திருக்கிறது. ஒரு பெண் பேருந்தில் கேட்டு அழுது, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போயிருக்கிறாள். “பரவாயில்லை, ஆபீசுக்குத்தான் லேட்” என்று முடித்திருக்கிறாள். ஒரு பத்திரிகை விமர்சகர் “மரணம் நடந்து வரும் காலடி ஓசை” என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். இன்னொருவர் மூன்றாவது பாட்டில் பின்னால் டிக் டிக் என்று கடிகாரம் ஓடுகிறது, ஒலிப்பதிவாளர் காதில் பஞ்சா வைத்திருந்தார் என்று காய்ச்சி எடுத்துவிட்டார்.

ஒலிப்பதிவாளர் பாவம், அவர்மேல் தப்பில்லை. கடைசி நாலு மாதம் உன் மச்சான் எங்கள் பின்னறையிலேயே உட்கார்ந்து பதிவு செய்தார். சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றி அங்கே மாட்டச் சொன்னார். மாத்திரைக்கு நேரம் பார்க்கத்தான் என்று நினைத்தேன். அந்தச் சத்தத்தை எல்லாப் பாட்டிலும் ஒலிப்பதிவாளர் நீக்கிவிட்டார், மூன்றாவதில் மட்டும் குரலோடு ஒட்டிக்கொண்டதால் பிரிக்க முடியவில்லையாம்.

மூன்றாவது பாட்டு எது என்று நான் சொல்லவில்லை, இல்லையா? நீங்கள் இருவரும் சண்டை போட்ட அதே பாட்டுதான். பாலத்தில் ஒருத்தன் ஓடுகிற பாட்டு. ஆறு வருஷம் மேடையில் அதைத் தொடாதவர், சாகப்போகிற நேரத்தில் எடுத்துப் பாடியிருக்கிறார். இதற்குமேல் உன்னைக் கெஞ்ச எனக்குத் தெரியாது.

தங்கை


மார்ச் 24

தங்கைக்கு,

அந்தக் கடிகாரம் எங்கே மாட்டியிருந்தது? கட்டில் பக்கமா, மைக் பக்கமா? உடனே எழுது.

அண்ணன்


மார்ச் 28

அண்ணா,

ஒரே ஒரு கேள்விக்கு ஒரு தபாலா? சரி. மைக்குக்கு நேர் எதிரே, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக. ஆணி அடித்தது நான்தான். இரண்டு தடவை இடம் மாற்றச் சொன்னார்.

கேட்கிறாய் என்பதால் இதையும் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. பாடிக்கொண்டே இருக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டு அந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவார். “சரிடா, உன் இஷ்டம். நீ சொல்றபடியே வரேன்” என்பார். எமனோடு பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

ஏன் கேட்டாய்?

தங்கை


ஏப்ரல் 2

என் தங்கைக்கு,

எமனோடு இல்லை. என்னோடு.

கேட்டுவிட்டேன். நேற்று மத்தியானம் தையல்கார அம்மாவை அவர் வீட்டில் இறக்கிவிட்டு, பயிற்சி வண்டியைப் பூங்கா ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டேன். நல்ல காது ஸ்பீக்கர் பக்கம் இருக்கட்டும் என்று மாணவர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்தேன்.

நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், ஞாபகம் இருக்காது. நாங்கள் வாசிக்க ஆரம்பித்த காலத்தில் அவன் எந்தப் பாட்டையும் நேராகப் பாடமாட்டான். தொடங்குகிற வேகம் ஒன்று, முடிக்கிற வேகம் ஒன்று. ஒரு நாள் பொறுக்க முடியாமல் நம் வீட்டுச் சமையலறைக் கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் அவன் மூக்குக்கு நேராக மாட்டினேன். “ஒரு டிக்குக்கு ரெண்டு அடி. அதுக்கு மேல போனா குச்சியாலயே போடுவேன்” என்றேன். அம்மா சாயங்காலம்வரை மணி தெரியாமல் திண்டாடினாள். மூன்றாவது பாட்டுக்கு நான் கேட்ட வேகம் அதுதான். கடைசிவரை அவன் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது பாடியிருக்கிறான். ஒரு டிக்குக்கு இரண்டு. தொடையில் தட்டிப் பார்த்தேன், ஒரு இடத்தில்கூட நகரவில்லை. உடம்பு முடியாதவன் பாட்டு போகப்போக இறங்கும். இது இறங்கவில்லை. நோய் அவனை மெதுவாக்கவில்லை தங்கச்சி. பத்துக்கு எட்டுப் பேரும் அந்த விமர்சகரும் எழுதியது தப்பு. அவன் வேண்டுமென்றே என் வேகத்துக்கு வந்திருக்கிறான்.

இத்தோடு முடித்திருந்தால் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். மூன்றாவது பாட்டை இன்னொரு தடவை போட்டேன். அப்புறம் இன்னொரு தடவை.

லாரி டிரைவர் சொன்னது சரி. பாட்டு மெதுவாக இருக்கிறது. பாலத்தின் அந்தக் கோடியில் அவள் கிளம்பிவிடப்போகிறாள், இவன் ஓடுகிறான். என் வேகத்தில் அவன் ஓடவில்லை, கடைக்குப் போகிறவன் மாதிரி நடக்கிறான். வார்த்தை எல்லாம் தெளிவாகத்தான் விழுகிறது, பதற்றம்தான் இல்லை. அன்றைக்கு மேடையில் அவன் ஓடியதுதான் சரி. நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதை அவன் நாலாயிரம் பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

தப்பு என்று தெரிந்தே எனக்காகப் பாடிவிட்டுப் போயிருக்கிறான். அவன் காதுக்கு இது தெரியாமல் இருக்காது. நான் ஆறு வருஷம் வீராப்பாக உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் பஸ் ஏறியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவன் இருக்கிறபோது பட்டிருக்க வேண்டிய வெட்கம்.

நீ கேட்டதற்குப் பதில்: கையெழுத்துப் போடு. வேகத்தைக் கூட்டட்டும். அவன் கடைசிப் பாட்டு என் பிடிவாதத்தால் கெட்டுப்போனது என்று இருக்க வேண்டாம். ஊரெல்லாம் அவனைப் பாவம் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உன் அண்ணன்


ஏப்ரல் 9

என் அருமை அண்ணனுக்கு,

உன் கடிதத்தை உன் மருமகளிடம் படிக்கக் கொடுக்கவில்லை. நானே படித்தேன், நாலு தடவை. அப்புறம் அவளே எடுத்துப் படித்துவிட்டாள். இந்த வீட்டில் எதையும் ஒளித்து வைக்க முடியாது.

முதலில் நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். போன ஜூனில், “அண்ணனைக் கூப்பிடட்டுமா” என்று அவரிடம் கேட்டேன். “வேணாம். இது முடியட்டும், அனுப்பிடலாம். கேட்டான்னா அவனே வந்துடுவான்” என்றார். எதை அனுப்புவது, அதைக் கேட்டால் நீ ஏன் வருவாய் என்று எனக்கு விளங்கவில்லை. ஆகஸ்டில் அவர் போய்விட்டார். நீ கேட்டோடு திரும்பிப் போனதில் எனக்கு வந்த கோபத்தில், அவர் சொன்னதை உனக்குச் சொல்லாமலே வைத்திருந்தேன். தண்டனை கொடுப்பதாக நினைப்பு. அந்த வார்த்தை உனக்கு வந்து சேர வேண்டியது, நான் பிடித்து வைத்துக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு.

கம்பெனிக்காரர் நேற்று வந்தார். காபி கொடுத்து, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். “கேக்கறவங்க மெதுவா இருக்குன்னு சொல்றாங்களேம்மா” என்றார். சொல்லட்டும் என்றேன்.

நீ சரி தப்பு பார்க்கிறாய். அந்தப் பாட்டுக்கு எது சரி என்று அவருக்குத் தெரியாதா? அன்றைக்கு நாலாயிரம் பேர் முன்னால் அவர்தான் சரி, அதனால் அவருக்கு என்ன கிடைத்தது? உன் இடத்தில் மாசத்துக்கு ஒரு டிரம்ஸ்காரர். அவருக்குச் சரியாக இருப்பது சலித்துவிட்டது அண்ணா. நீ திரும்பி வர வேண்டும் என்பதற்காகப் பாடியிருக்கிறார். அதை வேகப்படுத்தினால் பாட்டு நன்றாக இருக்கும், உனக்கு அவர் எழுதிய கடிதம் போய்விடும். ஊர் அவரைப் பாவம் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், நமக்குத் தெரியும்.

ஆனால் நீ சொன்னதும் உண்மை. ஓடுகிற பாட்டு ஓட வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மே கடைசியில் அதே அரங்கத்தில் அவருக்காக ஒரு நிகழ்ச்சி. பழைய கிட்டார்காரர் வருகிறார், கீபோர்டுக்காரர் வருகிறார். பாடப்போவது உன் மருமகள். “பாட்டுப் பின்னால் போகாதே” என்ற உன் அறிவுரையைச் சொன்னேன். “மாமா டிரம்ஸுக்கு வந்தா அப்புறம் பேசிக்கலாம்” என்றாள். வாய் அப்பா மாதிரியே.

ஆல்பத்தில் உன் வேகம் இருக்கட்டும். மேடையில் அவர் வேகம். சனிக்கிழமை ஒத்திகை, நாலு மணிக்கு. காலையிலேயே வந்துவிடு, பின்னறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கேட்டோடு நின்றால் நானே வந்து கையைப் பிடித்து இழுத்துவருவேன்.

ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பெண் அப்பாவைவிட வேகம். மூன்றாவது பாட்டில் அவள் ஓடிவிடுவாள். பிடித்து நிறுத்தாதே அண்ணா, நீயும் கூடவே ஓடு.

உன் தங்கை