நொட்டாங்கைக்குத் தோதான கத்தி

கோச்சடை,
மதுரை.

அன்பு மகள் பவதாரிணிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அவரவர் மாத்திரையை அவரவர் ஞாபகமாகப் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நியூசிலாந்துக் குளிரில் நீயும் சளி கிளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் வீடியோவில் மூஞ்சியைப் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறாள், வாட்ஸ்அப்பில் எழுதினாலோ என் கண்ணாடியையே மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படித்துவிடுகிறாள். அதனால்தான் உன் ஸ்நேகிதி ரோகிணி லீவு முடிந்து புறப்படும்போது, நீ கேட்ட கத்தியோடு சேர்த்து இதையும் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

மலையில் நாலைந்து நாள் கூடாரம் போட்டு நடக்கப் போகிறேன், ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறேன், பையில் கனமே தெரியாத மடக்குக் கத்தியாகப் பார்த்து வாங்குங்கள் என்று நீ கேட்டாயே, கேட்ட அன்றைக்கு உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அழகர்கோவில் கருப்பனுக்கு ஆளுயர அரிவாள் நேர்ந்து, அதைத் தோளில் தூக்கிப் போய்ச் செலுத்தியவள், ஒரு விரல் நீளக் கத்திக்கு இந்தப் பாடு படுத்துகிறாள். ‘பொம்பளப்பிள்ள கத்தியோட அலையுற அளவுக்கு அது என்னங்க ஊரு’ என்று ஒரே புலம்பல். மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பால்காரர் ஆண்டிச்சாமி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ‘அண்ணே, அங்க கலவரமாம்ல, பாப்பாவ வரச் சொல்லிருங்க’ என்றார். அதெல்லாம் இல்லைப்பா, அந்த ஊரில் மனுஷர்களைவிட ஆடுகள்தான் அதிகம் என்று விளக்கினேன். ‘அப்ப ஆடு திருடுற பயலுக நெறைய இருப்பாய்ங்கண்ணே’ என்கிறார். நான் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

கத்தி விஷயத்தில் நீ என்னைக் கேட்டது எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. மின்வாரியத்தில் வருஷக்கணக்காகக் கம்பம் ஏறியவன் நான், பாதிக் கம்பத்தில் நிற்கும்போதுதான் இடுப்பில் இருக்கிற கனம் என்னவென்று தெரியும். கீழமாசி வீதியில் எனக்குப் பழக்கமான பீமாராவ் கடைக்குப் போனேன். அவர் முதலில் எடுத்துப் போட்டது கத்தியே இல்லை, கரண்டி, கத்தரிக்கோல், ரம்பம், பூதக்கண்ணாடி என்று ஒரு குடித்தனத்தையே மடக்கி வைத்திருந்தது. என் மகள் நடக்கத்தான் போகிறாள், அங்கே போய்ச் சாமான் கடை வைக்கப் போகவில்லை என்று தள்ளி வைத்தேன். ஒற்றை அலகு போதும், அது துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும், நுனி மெல்லிசாக இருந்தால்தான் மீன் வயிற்றைக் கீற வரும், பிடி சொரசொரப்பாக இல்லையென்றால் மீன் வழுவழுப்பில் கை நழுவி விரலை அறுத்துவிடும், விரித்தால் கெட்டியாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், புல்லில் விழுந்தாலும் கண்ணில் படுகிற நிறமாக இருக்க வேண்டும். இம்புட்டும் பார்த்து ஆரஞ்சுப் பிடி போட்ட ஒன்றை எடுத்தேன், சட்டைப் பையில் போட்டுப் பார்த்தேன், பை தொங்கவே இல்லை. அப்புறம்தான் நீ கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்து, இடது கையாலும் திறக்க மடக்கத் தோதாக இருக்க வேண்டும் என்றேன். பீமாராவ் சிரித்துக்கொண்டே, ‘என்னண்ணே, மாப்ள நொட்டாங்கைக்காரரா? சொல்லவே இல்ல’ என்றார்.

நீ எழுதுவது, தின்பது, சின்ன வயதில் என் முதுகில் குத்துவது எல்லாமே சோத்தாங்கைதான். அதோடு மீன் கழுவுகிற வாடைக்கே மாடிக்கு ஓடுகிற மகராசி நீ, உனக்கு எங்கிருந்து வந்தது மீன் பிடிக்கிற ஆசை? பெற்றவனுக்குப் புரியாதது கத்திக் கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்தது, மறைக்கவில்லை. உன்னோடு மலைக்கு வரப்போகிற அந்தப் பையன் மேல் இல்லை, உன் மேல்தான். இத்தனை வருஷம் வளர்த்த அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, நான் என்ன உன்னைக் கடித்தா தின்றுவிடுவேன்? பஸ் ஏறத் தோன்றாமல் சிம்மக்கல் வரைக்கும் நடந்தே வந்தேன். கத்தியை மட்டும் மாற்றி வாங்கிவிட்டேன். இது முதுகுப் பக்கம் அமுக்கி மடக்குகிற பூட்டு, திறக்கிற குமிழும் இரண்டு பக்கமும் இருக்கிறது, எந்தக் கைக்காரரும் பிடிக்கலாம்.

இப்போது அவசரம் என்னவென்றால், பசுமலையிலிருந்து உன்னைப் பெண் கேட்டு உறுதி பண்ண ஆவணி முதல் ஞாயிறு ஆட்கள் வருகிறார்கள். பையன் பேங்கில் வேலை, காபி டீ கூடக் குடிக்க மாட்டானாம். உன் அம்மா அதைக் கேட்டு உருகிப்போய் இருக்கிறாள், அப்படிப்பட்டவனோடு காலையில் உட்கார்ந்து என்னத்தைப் பேசுவது என்று நான் கவலையில் இருக்கிறேன். விளையாட்டு போகட்டும். அவர்கள் நம் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் அப்புறம் பேச்சை மாற்ற முடியாது, இரண்டு வீட்டுக்கும் அசிங்கம். அதனால் அதற்கு முன்னால் எனக்கு நீ சொல்லியாக வேண்டும். உன் நொட்டாங்கைக்காரன் என்ன ஆட்கள் என்று மட்டும் நான் கேட்க மாட்டேன் தாயி. உன் தாத்தா கூலிக்கு அறுக்கப் போன களத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் தண்ணீர் கிடைக்கும், அதுவும் குனிந்து ஏந்தின கையில் மேலேயிருந்து ஊற்றுவார்கள். அதே கேள்வியை என் வாசலில் வைத்து ஒரு பிள்ளையிடம் நான் கேட்டால், அவருக்குப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? குடிப்பானா, கை நீட்டுவானா, உன்னை மரியாதையாக வைத்திருப்பானா, அம்புட்டுதான் எனக்குத் தெரிய வேண்டியது. உன் அம்மாவை நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அந்தத் தைரியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. நீ பேசு, நான் உன் பக்கத்தில் நிற்கிறேன்.

மீன் அறுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்து, மடங்குகிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் கத்தியைக் கைப்பையில் வைக்க வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள். வழுக்குப் பாறையில் ஓடாதீர்கள். அழகரும் கருப்பனும் உங்கள் இரண்டு பேருக்கும் துணை இருக்கட்டும்.

மறந்துவிடாதே, புதன்கிழமை சாயங்காலம் உன் அம்மா மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போய்விடுவாள். அப்போது கூப்பிட்டு அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல். எந்தப் பெயராக இருந்தாலும் சரி.

உன் வாயால் கேட்கக் காத்திருக்கும்
அப்பா,
சோணைமுத்து.