உசேன் பெயரில் விழுந்த திருத்தம்

12 ஜூன் 1989
மூன்று மணிவரை கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். கூட வேலை பார்த்த உசேன் இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பான். தொப்பூரில் லாரி மோதி அவன் போய் ஒரு மாதம் ஆகிறது. அவன் நாற்காலியில் முதலாளி குப்புராஜ் ஃபைல்களை அடுக்கிவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை.

19 ஜூன்
மாம்பழக்கூழ் ஃபேக்டரியிலிருந்து ஆள் வந்து கத்தினார். எங்கள் புரோகிராம் டின் லேபிள்களில் தப்பான தேதியை அச்சடித்து, ஒரு லோடு திரும்பி வந்துவிட்டதாம். புரோகிராமின் பழைய பிரதிகளையும், யார் திருத்தினார்கள் என்பதையும் சேர்த்து வைக்கிற சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. முதலாளி அதைத் திறந்து பார்த்து, "உசேன் பண்ணதுங்க" என்றார். மகனின் சாமான்களை வாங்க வந்த அவன் அப்பா அப்துல் ரஷீத் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பையை வாங்கிக்கொண்டு போனார்.

20 ஜூன்
உசேன் அப்படிச் செய்யமாட்டான். - செய்திருப்பானோ?

21 ஜூன்
அந்தத் திருத்தத்தின் தேதி ஜூன் 5. செத்தவன் எங்கே வந்து திருத்தினான்? நேற்று நான் லேபிள் தேதியைச் சரிசெய்த திருத்தமும் உசேன் பெயரில்தான் இருக்கிறது. சாஃப்ட்வேரின் கான்ஃபிகரேஷன் ஃபைலில், சோதனைக்காக அவன் போட்ட அவன் பெயர் ஒரு வரியாக அப்படியே கிடக்கிறது. யார் கை வைத்தாலும் அவன் பெயர்தான் விழும். ஜூன் 5 நான் லீவு. ஆபீசில் இருந்தது முதலாளி மட்டும். அவர் தேதியைப் பார்க்கவில்லையா, பார்க்க விரும்பவில்லையா?

22 ஜூன்
முதலாளியிடம் சொன்னேன். ஸ்கிரீனில் அந்தத் தேதியைப் பார்த்தார். "அவன் பேர்லயே இருந்துட்டுப் போவட்டும் ராஜாமணி. செத்தவனுக்கு என்ன கஷ்டம்?" கம்பைநல்லூரில் அவன் அப்பா உயிரோடு இருக்கிறார் என்றேன். சாயங்காலம் முதலாளியே ஃபேக்டரிக்குப் போன் போட்டு, தப்பு தன்னுடையது என்றார்.

25 ஜூன், ஞாயிறு
கம்பைநல்லூர் போனேன். நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தப்பு உங்கள் மகனுடையது இல்லை, யார் திருத்தினாலும் அவன் பெயர்தான் விழுகிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நீ வேல செஞ்சாலும் அவன் பேருதான் வருதாம்மா?"

"ஆமாங்க. நாளைக்கு அந்த வரிய எடுத்துடறேங்க."

"நாளைக்கே எடுக்கணுமா?"

26 ஜூன்
எடுக்கவில்லை.

3 ஜூலை
விட்டுவைத்தால் இன்னொருவர் தப்பும் அவன் தலையில்தான் விழும். எடுத்துவிட்டேன். லேபிள் புரோகிராமில் புதுத் திருத்தம் ஒன்றைப் பதிந்தேன். ராஜாமணி என்று வந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.