ரேடார் மேல் பச்சைப் பொட்டலம்

என் செல்லத்துக்கு,

மெஷின் மக்கர் பண்ணாமலிருக்க நம் தைவானில் எல்லோரும் அதன் மேல் வைக்கிற பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலத்தை, புது ரேடாரைப் பொருத்த வந்த அமெரிக்கர் வெண்டெல் பசியில் தின்றுவிட்டார். பத்தே நிமிடத்தில் திரை அணைந்துபோனது!

"மெஷினுக்கு வெச்சத நீ ஏன்யா தின்னே?" என்று கத்தினேன். அவர் சிரித்தார். மதியம்வரை ஒயர்களோடு மல்லுக்கட்டியதில் சிரிப்பு போய்விட்டது. மலையிறங்கிப் போய் இரண்டு பொட்டலம் வாங்கிவந்து, ஒன்றை இரு கைகளாலும் ரேடார் மேல் வைத்தார். திரை உயிர்பெற்றது! கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

திரையில் எத்தனை எதிரிப் போர்க்கப்பல் தெரிந்தது என்று கேட்காதே. பிரசவத்துக்கு வந்துவிடுவேன் என்று சொன்னதையும் இப்போதைக்கு ஞாபகப்படுத்தாதே.

இன்னொரு பொட்டலம் உனக்காம். "பிரசவ ரூம்ல வைக்கச் சொல்லு, பாப்பா மக்கர் பண்ணாம வந்துடும்" என்கிறார் வெண்டெல். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீயும் தின்றுவிடாதே!

உன் மலையுச்சிக்காரன்