எதிர்ப்பாட்டு விழாவும் பதில் பாடும் உரிமையும்

அனுப்புநர்:
சி. காசிமாயன், விவசாயி,
ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
போடிநாயக்கனூர்.

பொருள்: திரு. கன்னையன் நடத்தும் எதிர்ப்பாட்டு விழாவுக்கு வரும் தை மாதம் அனுமதி மறுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கன்னையன் என் பக்கத்து நிலக்காரர். என் மனைவி முனியாயிக்குத் தாய்மாமன் மகன். மழை பொய்த்த வருடம் நாங்கள் மூவரும் ஒரே ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தோம். ஜீப்பில் எதிர்ப்பாட்டு நடக்கும். ஒருவர் ஓர் அடி பாட, இன்னொருவர் பதில் அடி பாட வேண்டும். நான் தூங்கிவிடுவேன். கன்னையன் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

2. கிணற்றில் தண்ணீர் ஊறியதும் நாங்கள் வெள்ளாமையைப் பார்த்தோம். அவரோ கடலை எடுத்த காட்டில் பந்தல் போட்டு, தோட்டத்து ஆட்களைப் பாட வைத்தார். கிறுக்கு என்று சிரித்தோம். இப்போது மதுரையிலிருந்து கார்கள் வருகின்றன. டிவியில் அவரை ‘இசை விவசாயி’ என்கிறார்கள். கடலை அவரைவிட எனக்குத்தான் நன்றாக விளைகிறது. அதைப் படம் பிடிக்க ஒருவரும் வரவில்லை.

3. ஒலிபெருக்கியால் மாடு மிரள்கிறது என்று எழுதினால் மனு நிற்கும் என்றார்கள். மாடு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

4. சென்ற தை மாத விழாவில் முனியாயி மேடையேறி, “மலையேறிப் போன மச்சான் மழையில நனையலையா” என்று பாடினாள். பெண் பாடும் அடிக்கு முறை உள்ள ஆண்தான் பதில் பாடலாம் என்பது வழக்கம். உடனே கன்னையன் எழுந்து, “நனைஞ்ச சட்டை காயுமுன்னே நானெறங்கி வாரேன்டி” என்றார். அந்த ‘டி’யைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். கட்டிய கணவனைவிட முறை உள்ளவர் வேறு யார்?

5. வீட்டில் ஒரு நாளும் பாடாதவள் அங்கே ஏன் பாடினாள் என்று கேட்டேன். “பாடுனா பதிலுக்கு யாரு பாடுவா? நீங்கதேன் ஜீப்பு கெளம்புறதுக்குள்ள கொறட்டை விட்ருவீகளே” என்றாள்.

6. ஆகவே விழாவுக்கு அனுமதி மறுக்க வேண்டுகிறேன். மறுக்க இயலாதெனில், முனியாயியின் அடிக்குப் பதில் பாடும் உரிமை எனக்கே என்று உத்தரவிட வேண்டுகிறேன். கன்னையனிடம் போய்க் கேட்க மானம் இடம் தரவில்லை. மோட்டார் ரூமில் பாடிப் பழகி வருகிறேன். மோட்டார் ஓடும்போது மட்டும் பாடுவதால் யாருக்கும் இடையூறு இல்லை.

விசாரணைக்கு வருபவர்கள் அருள்கூர்ந்து வீட்டுக்கு வராமல் வயலுக்கு வரவும். நான் பாடுவது முனியாயிக்கு இன்னும் தெரியாது.

இடம்: ராசிங்காபுரம்
நாள்: 29.12.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சி. காசிமாயன்