கழுவினால் போகிற கறுப்பு

அன்புள்ள ரோசி அக்கா,

மண்ணுக்குள் போயும் யாருடைய வசனத்தையாவது திருத்திக்கொண்டுதான் இருப்பாய். கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேள். உன் நாடகம் போன ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறிவிட்டது. நம் பர்மாத் தமிழர் கோயில் மண்டபத்தில், உன் நினைவாக, கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துப் பகல் இரண்டு மணிக்கு. நல்ல கூட்டம். ஹென்றியாக நடித்தது நான் இல்லை.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். உலகப்போர் காலம், இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். அங்கே வந்து இறங்கும் அமெரிக்கப் படை, வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஒரு நாள், கறுப்புச் சிப்பாய்களுக்கு ஒரு நாள் என்று நடனத்தைக்கூடப் பிரித்து வைக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஊர் வெள்ளைக்காரப் பெண் மேரியின் அப்பா கறுப்புச் சிப்பாய் ஹென்றியை வீட்டுக்கே அழைத்து விருந்து வைக்கிறார். ஹென்றி பெண் கேட்டதும் அதே அப்பா கதவைச் சாத்துகிறார்.

எங்கோ நடந்த கதை நமக்கு எதற்கு என்று கேட்டேன். "நம்மளப் பத்தி எழுதினா மண்டபம் தருவாங்களாடா?" என்றாய்.

ஹென்றியை எனக்குக் கொடுத்தாய். மேரியை மா தீடாவுக்கு (மா, கோ, ஊ எல்லாம் இங்கே பெயருக்கு முன் சேர்க்கும் பர்மிய மரியாதைச் சொற்கள்). தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத அவளுக்காக வசனம் முழுவதையும் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாய். நோட்டின் முதல் பக்கத்தில் உன் கட்டளை: யாரும் முகத்தில் எதையும் பூசக்கூடாது, இங்கே எல்லோரும் கன்னத்தில் அப்பும் 'தனக்கா' மரப்பட்டைச் சாந்துகூட வேண்டாம்.

மழைக்காலக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன மறுமாதம், மண்டபச் செயலாளர் ஊ டானியல் என்னைக் கூப்பிட்டார். மேரியின் அப்பாவாக நடிப்பவரும் அவர்தான். ஹென்றி வேடத்தைச் சிவந்த நிறமுள்ள ஸ்டீபனுக்குக் கொடுத்து, கரி பூசிவிடப்போவதாகச் சொன்னார்.

"தப்பா நினைக்காதே தம்பி. தீடாவுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க. சபை முன்னால உன் கையைப் புடிச்சு ஆடினா பேச்சு வரும்."

"ஸ்டீபன் கையைப் புடிச்சா வராதா?"

"அது சாயம்தானேப்பா. கழுவினா போயிடும்."

தெருவில் இறங்கினால் பர்மியர்கள் அவரையும் என்னையும் இந்தியர்களை இழிக்கும் ஒரே வசைச் சொல்லால்தான், 'கலா' என்றுதான், கூப்பிடுகிறார்கள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நாம் யார் எவ்வளவு கறுப்பு என்று பார்க்கிறோம். இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை, அக்கா. சரி என்றேன். திரைக்கயிற்றைக் கையில் கொடுத்தார்கள், பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்கு எழுத இத்தனை நாள் ஆனதற்கு இந்த வெட்கம்தான் காரணம்.

கதவைச் சாத்தும் காட்சியில் ஊ டானியல் நிஜமாகவே அழுதார். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவருக்கு ஒன்றுமே உறைக்கவில்லையா?

அதற்கு முன் நடனத்தின்போதே மின்விசிறி நின்றுவிட்டிருந்தது. வியர்வையில் ஸ்டீபனின் கரி கரைந்து தீடாவின் கையெல்லாம் அப்பிக்கொண்டது. சபை சிரித்தது. காட்சி முடிந்ததும் அவள் நேராக என்னிடம் வந்து உள்ளங்கையைக் காட்டினாள். "கோ அருள், அடுத்த தடவை நீங்களே வாங்க. இதைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவ என்னால முடியாது."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேடை ஓரத்தில் மாலை போட்டு வைத்திருந்த உன் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து வெளுக்க வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு சிவத்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உன்னையுமா கழுவினார்கள்?

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பசுந்தாங் பகுதியில் நான் வேலை செய்யும் தச்சுப் பட்டறை ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டித்தான் கிடக்கும். முதலாளியிடம் சாவி கேட்டுவிட்டேன். தீடா வருகிறாள். பத்துப் பேர் வந்தாலும் போதும், நீ எழுதியபடியே நடக்கும், அவள் என் கையைப் பிடித்துத்தான் ஆடுவாள். சுவரில் உன் படம் இருக்கும், ஸ்டூடியோக்காரன் கை படாத படம். இந்த முறை நான் கயிறு பிடிக்க மாட்டேன்.

உன்னைப் போலவே கறுத்த
தம்பி அருள்