சும்மா நடப்பவன்

2025 மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் மெஷின் என் இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் மிஸ் வந்து சிங்களத்தில் கேட்டார்: தனியாக அரை மணி நேரம் நடக்கலாம் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை? மெஷின் மேல் பத்து, கால்கள் மேல் ஒன்று என்றேன். சிரிக்கவில்லை. ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டார். மெஷின் இல்லாத நாட்களில் கொஞ்சம் நடக்க வேண்டுமாம்.

மழையில் சரிவில் விழுந்ததிலிருந்து நான் தனியாக பஸ் ரோட்டுக்கு இறங்குவதில்லை. வாரம் இரண்டு மெஷின் நாளும் என் மனைவி விஜயகலா ரப்பர் பால்வெட்டை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து வருகிறாள். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்த மாசமும் வேலைநாள் பேர் கொறஞ்சா என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்களாம்."

மார்ச் 5, புதன்

ரப்பர் மலைப் பாதையில் வளைவு வரை நடந்தேன். முழங்கால்கள் தனித்தனியே முடிவெடுக்கின்றன.

மார்ச் 6, வியாழன்

பக்கத்து லயத்து வீட்டுச் சுப்பம்மா ரப்பர் பால் வாளியோடு வழியை மறித்தாள்.

"என்னண்ணே, மறுபடியும் வாச்சர் வேலை குடுத்துட்டாங்களா? யாரைப் புடிக்க வந்தீங்க?"

"சும்மா நடக்கிறேம்மா."

"சும்மா யாருண்ணே நடப்பா?"

நியாயமான கேள்வி. இங்கே விறகுக்கு நடப்பார்கள், தண்ணீருக்கு நடப்பார்கள். வெறுங்கையோடு மரங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தவன் நான் ஒருவன்தான். மரத்தில் காயும் ஒட்டுப்பால் களவு போகாமலிருக்க தோட்டம் எனக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தது. உடற்பயிற்சி என்று விளக்கினேன். தோட்டத்துத் துரை சொல்லிக்கொடுத்த பொய் என்று நினைத்திருப்பாள்.

மார்ச் 10, திங்கள்

நான் வரும் இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. பால் நிறுக்கும் இடத்தில் விஜயகலாவோடும் யாரும் பேசவில்லையாம்.

"நீங்க நடக்கவே வேணாங்க. வீட்ல இருங்க."

இருக்கிறேன். அப்புறம்? இவ வேலை போனா எதைத் தின்கிறது? இந்தச் சனியன் புடிச்ச காலு—

மார்ச் 11, செவ்வாய்

மெஷின். களைப்பு.

மார்ச் 13, வியாழன்

குற்றம் வெறுங்கைதான் என்று கண்டுபிடித்து, சாக்கும் அரிவாளுமாகக் கிளம்பினேன்.

"ஆடு வாங்கிட்டீங்களா?" என்றாள் சுப்பம்மா.

"இல்ல."

"அப்ப புல்லு யாருக்கு? உங்களுக்கா?"

காவல் கொட்டிலில் எத்தனையோ பொய் கேட்டிருக்கிறேன். இவ்வளவு மட்டமானது ஒன்றுமில்லை.

மார்ச் 20, வியாழன்

சரிவில் கால் விட்டது. உட்கார்ந்துவிட்டேன். சுப்பம்மா ஓடி வந்தாள்.

"கையக் குடுங்கண்ணே."

"வேணாம். நானே எந்திரிக்கணும். நான் தனியா பஸ்ஸுக்குப் போனாத்தான் எம் பொஞ்சாதி வேலை தப்பும்."

நீட்டிய கையை இடுப்பில் ஊன்றினாள்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? எக்ஸசைசாம் எக்ஸசைசு."

உண்மைதான். மிஸ்ஸிடம்கூடச் சொல்லவில்லை. பயமென்று சொல்ல வாய் வரவில்லை.

மெஷினுக்கு ஊசி போடாத கையால் ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்து எழுந்தேன். நேரமெடுத்தது. அவள் கை கொடுக்கவுமில்லை, போகவுமில்லை.

"ஆளைப் புடிக்க வந்த வாச்சர் மரத்தைப் புடிச்சிட்டு நிக்கிறாரு" என்று மேலே பால் வெட்டுகிறவர்களைப் பார்த்துக் கத்தினாள். மலை முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

விஜயகலா வந்தாள், ஆனால் கையைப் பிடிக்காமல் பின்னால். எனக்கு வாங்குவதற்கு முன்பே அவளுக்கு மூச்சு வாங்கியது. பயத்தில்.

மார்ச் 28, வெள்ளி

விடிந்ததும் விஜயகலா மேல்மலைக்குப் பால் வெட்டப் போனாள். நான் தனியாக பஸ் ரோட்டுக்கு இறங்கினேன். பாதி வழியில் நிற்க வேண்டியிருந்தது. மேலே அவள் யாருடனோ வாயாடுவது கேட்டது.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "நோனா கோ?" என்றார், வீட்டம்மா எங்கே என்று.

நோனா வேலைக்குப் போயிருக்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன்.